கரி போடும் சத்தம்!

மரக்காணத்து உப்பளத்தில் நடுப்பகலில் நின்றால் கண் கூசும். குவித்து வைத்த உப்பு, வந்த வெயிலைத் திருப்பி அடிக்கிறது. விறகு அடுப்பு எரியும் வீட்டின் கூரையைப் பாருங்கள். அங்கே படிந்த கரி, வந்த வெளிச்சத்தை விழுங்கிவிடுகிறது.

இந்த இரண்டும் காற்றிலும் மிதக்கின்றன. அலை உடையும்போது தெறிக்கும் துளிகள் சுண்டி, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்களாகப் பறக்கின்றன. அடுப்பு, லாரி, செங்கற்சூளை ஆகியவை புகைக்கரியைக் கக்குகின்றன. உப்பு, ஒளியைச் சிதறடிக்கும். கரி, ஒளியை விழுங்கிச் சூடாகும்.

இது சின்ன விஷயம் அல்ல. 1999-ம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரை பல நாட்டு விஞ்ஞானிகள் இந்து மகாசமுத்திரத்தில் ஆராய்ச்சி நடத்தினார்கள். அதன் தலைவர்களில் ஒருவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீரபத்ரன் ராமநாதன். கடல் மீது பழுப்பு நிறப் புகைமூட்டம் பரவியிருந்தது! கீழே விழும் வெயிலில் ஒரு பங்கை அது தடுத்தது. மேலே காற்றைச் சூடாக்கியது. மழை விட்டு, மரக்காணத்துப் பாத்திகளில் வேலை சூடுபிடிக்கும் மாதங்களும் அவைதான். அங்கே வெயில்தானே மூலதனம்!

சரி, கரி விழுங்கும் ஒளியை அளப்பது எப்படி?

வெள்ளைக் காகிதத்தின் வழியே காற்றை உறிஞ்சி, காகிதம் எவ்வளவு கறுக்கிறது என்று பார்ப்பது ஒரு வழி. சுலபமான வழிதான். ஆனால் உப்பும் காகிதத்தில் ஒட்டிக்கொண்டு, ஒளியைச் சிதறடித்துக் கணக்கைக் கெடுக்கும்.

இன்னொரு வழி, காதால் கேட்பது!

டெலிபோன் புகழ் கிரகாம் பெல்லும் அவருடைய துணைவர் டெயின்டரும் 1880, 1881-ம் ஆண்டுகளில் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். துளையிட்ட சக்கரத்தைச் சுழற்றி, சூரிய ஒளியை விட்டு விட்டுப் பாய்ச்சினார்கள். ஒளி பட்ட பொருள் சத்தம் போட்டது! பல பொருள்களைச் சோதித்தார்கள். உரத்த சத்தம் போட்டவற்றில் ஒன்று, சாதாரண விளக்குக் கரி.

இன்றைய கருவியும் அதே தந்திரம்தான். சூரியனுக்குப் பதில் லேசர். குழாய்க்குள் இருக்கும் காற்றில் அந்த ஒளி மின்னி மின்னிப் பாய்கிறது. கரி சூடாகிறது, அதைச் சுற்றிய காற்று விரிகிறது. ஒளி நின்றதும் சுருங்குகிறது. இப்படி விரிந்து சுருங்குவதுதான் ஒலி. மைக்ரோபோன் அதைப் பிடித்துக்கொள்கிறது. கரி அதிகமானால் சத்தமும் அதிகம். உப்பு சூடாவதில்லை, ஆகவே அது வாய் திறப்பதில்லை.

ஒரு தொல்லை உண்டு: ஈரம். துகளில் நீர் ஒட்டியிருந்தால், சூட்டில் ஒரு பகுதி அந்த நீரை ஆவியாக்கவே போய்விடும். சத்தம் குறைந்துவிடும். பாத்தியில் நீர் வற்றக் காத்திருக்கும் உப்பளத் தொழிலாளிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால், கடலோரக் காற்றை முதலில் உலர்த்தி, பிறகுதான் கருவிக்குள் விடுகிறார்கள்.