பிபிஏ சேர்க்கலாமா?

உபுண்டு பயன்படுத்தும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "நான் தேடும் சாஃப்ட்வேர் உபுண்டு தொகுப்பில் இல்லை. இருந்தாலும் பழைய பதிப்பாக இருக்கிறது. இன்டர்நெட்டில் புதியது கிடைக்கிறதே, போட்டுக் கொள்ளலாமா?" போடலாம். எந்த வழியில் போடுகிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

டவுன்லோட் செய்த டெப் பைலை இன்ஸ்டால் செய்யும்போது பாஸ்வேர்ட் கேட்கும். நீங்கள் கொடுத்ததும் பைல்களை காப்பி செய்வதோடு வேலை முடிவதில்லை. பேக்கேஜுக்குள் இருக்கும் சிறு ஸ்கிரிப்டுகளும் ரூட் அதிகாரத்துடன் ஓடும். 2009 டிசம்பரில் க்னோம்-லுக் என்ற தளத்தில் நீர்வீழ்ச்சி ஸ்கிரீன்சேவர் என்ற பெயரில் ஒரு டெப் பைல் வந்தது. அதை இன்ஸ்டால் செய்த கம்ப்யூட்டர்கள் வேறொரு தளத்தைத் தாக்கும் கூட்டத்தில் சேர்க்கப்பட்டன. "லினக்ஸில் வைரஸ் வராது" என்று மார்தட்டும் நண்பர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. பாஸ்வேர்டை நாமே கொடுத்தால் வைரஸ் எதற்கு?

சந்தேகம் இருந்தால் டிபிகேஜி-டெப் கட்டளையால் டெப் பைலை இன்ஸ்டால் செய்யாமலே பிரித்து, உள்ளே இருக்கும் ஸ்கிரிப்டைப் படித்துப் பார்க்கலாம். பெரும்பாலும் பத்துப் பதினைந்து வரிகள்தான் இருக்கும்.

பிபிஏ இதைவிடப் பெரிய விஷயம். டெப் பைலுக்கு ஒருமுறைதான் அனுமதி கொடுக்கிறீர்கள். பிபிஏவைச் சேர்த்தால் ஒவ்வொரு அப்டேட்டிலும் அதை நடத்துபவர் வைத்திருப்பது உங்கள் கம்ப்யூட்டருக்குள் வரும். பேக்கேஜை உருவாக்கித் தருவது லாஞ்ச்பேட். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அங்கே யாரும் சோதிப்பதில்லை. சாவி சரியாக இருந்தால், பேக்கேஜ் அந்த இடத்திலிருந்துதான் வந்தது என்று மட்டுமே அர்த்தம். நல்லவர் அனுப்பினார் என்று அர்த்தமில்லை.

இன்னொரு தொல்லை, பதிப்பு எண். ஒரு வீடியோ எடிட்டருக்காகச் சேர்த்த பிபிஏவில் உபுண்டுவின் லைப்ரரி ஒன்றும் உயர்ந்த எண்ணுடன் இருந்தால், ஆப்ட் அதையும் எடுத்துக் கொள்ளும். என் சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் இப்படி ஏழு பிபிஏக்கள். உபுண்டுவின் அடுத்த வெளியீட்டுக்கு மாற முயன்றபோது பாதியில் நின்றுவிட்டது. எந்த லைப்ரரி எங்கிருந்து வந்தது என்று தேடவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. (சித்தி கொடுத்த பில்டர் காபி மட்டும் அருமை.)

இதற்கு ஆப்டிலேயே வழி இருக்கிறது. ஒவ்வொரு இடத்துக்கும் அது ஒரு முன்னுரிமை எண் வைத்திருக்கிறது. சாதாரணமாக 500. பிரிபரன்சஸ் பைலில் பிபிஏவுக்கு 100 என்று குறைத்தால், உபுண்டுவில் உள்ள பேக்கேஜ்களுக்கு உபுண்டுவே முந்திக் கொள்ளும். வேண்டிய அந்த ஒரு பேக்கேஜுக்கு மட்டும் எண்ணை உயர்த்திக் கொள்ளுங்கள். ஆப்ட்-கெட் கட்டளையில் சிமுலேட் என்று சேர்த்தால் எதையும் மாற்றாமல், எவை வரும், எவை நீங்கும் என்று காட்டும். நீங்கும் பட்டியலை முதலில் படியுங்கள்.

பிபிஏ வேண்டாம் என்று முடிவு செய்தால், பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது போதாது. அது போட்ட பேக்கேஜ்கள் அப்படியே இருக்கும். பிபிஏ-பர்ஜ் என்ற சிறு புரோகிராம் அவற்றை உபுண்டுவின் பதிப்புக்கே திருப்பிவிடும். உபுண்டு தொகுப்பிலேயே கிடைக்கிறது.