சுனுங் தேர்வில் ஆங்கிலக் கேட்டலும் வாசித்தலும்

சுனுங் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கல்லூரிக் கற்கைத் திறன் தேர்வு, தென் கொரியாவில் மேல்நிலைப் பள்ளிக் கல்வியை முடிக்கும் மாணவர்கள் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்காக எழுதும் நாடு தழுவிய தேர்வு ஆகும். இது ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமையன்று நடைபெறுகிறது. அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் இத்தேர்வை எழுதியுள்ளனர். காலையில் கொரிய மொழியும் கணிதமும் முடிந்து, நண்பகல் உணவுக்குப் பின்னர் வரும் மூன்றாம் வேளை ஆங்கிலத்துக்கு உரியது.

இந்த ஆங்கிலத் தாள் கேட்டல், வாசித்தல் ஆகிய இரு திறன்களை மட்டுமே நேரடியாகச் சோதிக்கிறது. தேர்வர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஒரு வரியும் எழுதுவதில்லை. கேட்டும் வாசித்தும் ஐந்து விடைகளுள் ஒன்றைக் குறிப்பது மட்டுமே அவர் வேலை.

தோற்றம்

சுனுங் தேர்வு 1993 ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்கு முன்பிருந்த நுழைவுத் தேர்வு பாடநூல் செய்திகளை மனனம் செய்தவருக்கே சாதகமாக இருந்தது என்ற குறை நிலவியது. பல்கலைக்கழகத்தில் கற்பதற்குத் தேவையான சிந்தனைத் திறனை அளக்க வேண்டும் என்பது புதிய தேர்வின் நோக்கம். முதல் ஆண்டில் மட்டும் ஆகத்து, நவம்பர் என இருமுறை நடத்தப்பட்டு, பின்னர் ஆண்டுக்கு ஒன்றாயிற்று. 1998 இல் நிறுவப்பட்ட கொரியப் பாடத்திட்ட மதிப்பீட்டுக் கழகம் தற்போது வினாத்தாளை உருவாக்குகிறது.

கேட்டல் வினாக்கள் முதல் தேர்விலிருந்தே உள்ளன. தொடக்கத்தில் பத்துக்கும் குறைவாக இருந்தவை படிப்படியாகப் பெருகின. 2013 நவம்பர் தேர்வில் ஆங்கிலம் எளிய தாள், கடினத் தாள் என இரண்டாகப் பிரிக்கப்பட்டு, 45 வினாக்களுள் 22 கேட்டலுக்கு ஒதுக்கப்பட்டன. அந்தப் பிரிவினை ஓராண்டுக்கு மேல் நீடிக்கவில்லை. 2014 முதல் மீண்டும் ஒரே தாள். கேட்டலுக்கு 17, வாசித்தலுக்கு 28 வினாக்கள்.

பேச்சையும் எழுத்தையும் சேர்த்து நான்கு திறன்களையும் கணினி வழியாகச் சோதிக்கும் தேசிய ஆங்கிலத் திறன் தேர்வு ஒன்றையும் கொரிய அரசு உருவாக்கியது. சுனுங் ஆங்கிலத்துக்கு மாற்றாக அதனைக் கொண்டுவரும் திட்டமும் இருந்தது. பள்ளிகள் கற்றுத்தராத பேச்சுப் பயிற்சிக்காக மாணவர்கள் தனிப்பயிற்சி நிலையங்களை நாட நேரிடும் என்ற எதிர்ப்பு வலுத்ததால் 2013 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆகவே இரு திறன் தேர்வே நிலைபெற்றது.

கேட்டல் பகுதி

தாளின் மொத்த நேரம் 70 நிமிடங்கள். மொத்த மதிப்பெண் 100. பிற்பகல் 1.10 மணிக்குத் தேர்வு தொடங்கியதும் முதல் 25 நிமிடங்கள் கேட்டலுக்கு உரியவை. பள்ளியின் ஒலிபெருக்கி வழியாக உரையாடல்கள் ஒலிக்கின்றன. முதல் 15 வினாக்களுக்குரிய ஒலிப்பதிவுகள் ஒருமுறை மட்டுமே ஒலிக்கும். கடைசி இரு வினாக்களும் ஒரே உரையைப் பற்றியவை; அவ்வுரை மட்டும் இருமுறை ஒலிக்கும்.

இந்த 25 நிமிடங்களுக்காக நாடே ஒலியடங்குகிறது. 1.05 முதல் 1.40 வரை நாட்டின் எல்லா வானூர்தி நிலையங்களிலும் அவசரத் தேவை தவிர்த்த புறப்பாடும் தரையிறக்கமும் நிறுத்தப்படுகின்றன. வானில் உள்ள வானூர்திகள் தரையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு மேல் வட்டமிட்டுக் காத்திருக்க வேண்டும். படைத்துறைப் பயிற்சிகளும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. ஆண்டுதோறும் நூற்றுக்கும் மேற்பட்ட பறப்புகளின் நேரம் இதற்காக மாற்றப்படுகிறது. ஒருமுறை மட்டுமே ஒலிக்கும் பதிவில் ஒரு சொல் இரைச்சலில் அமிழ்ந்துவிட்டால் அத்தேர்வருக்கு மறுவாய்ப்பு இல்லை என்பதே காரணம். ஒரு பள்ளியின் ஒலிபெருக்கி பழுதுபட்டால், வாசித்தல் வினாக்களை முதலில் எழுதச் செய்து, பழுது நீங்கிய பின்னர் கேட்டலை நடத்துவது வழக்கம்.

வினாக்களின் வகைகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுவதில்லை. பேசுபவரின் நோக்கம் என்ன, படத்தில் உரையாடலோடு பொருந்தாத பொருள் எது, ஆண் அடுத்துச் செய்யப்போவது என்ன, பட்டியலிலிருந்து அவர்கள் தேர்ந்தெடுத்த பொருள் எது என்பன போன்றவை வரிசையாக வரும். ஆறாவது வினா செலுத்த வேண்டிய தொகையைக் கேட்பது. எடுத்துக்காட்டாக, அருங்காட்சியக நுழைவுச் சீட்டு பெரியவருக்கு 20 டாலர், சிறுவருக்கு அதில் பாதி. இரு பெரியவரும் ஒரு சிறுவரும் செல்கின்றனர். பெண்ணிடம் 10 விழுக்காட்டுத் தள்ளுபடிச் சீட்டு இருக்கிறது என்று ஓர் உரையாடல் அமையும். விடை 45 டாலர். ஆங்கிலம் முழுதும் விளங்கியும் மனக்கணக்கில் தவறியவர் இங்கே மதிப்பெண்ணை இழப்பார். இது மொழித் தேர்வா கணக்குத் தேர்வா என்று கேட்பவருக்குச் சொல்லக்கூடிய விடை ஒன்று உண்டு. எண்களைக் கேட்டு நினைவில் நிறுத்திக்கொண்டே அடுத்த தொடரையும் பின்தொடர்வது நடைமுறை வாழ்வில் உண்மையிலேயே தேவைப்படும் திறன்தான்.

ஒலிப்பதிவுகள் பெரும்பாலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அமெரிக்க ஒலிப்பில் தெளிவாகப் பேசுபவை. இடைமறித்தல், தடுமாறல், பின்னணி இரைச்சல் ஆகியவை இல்லாத, ஒலிப்பதிவு அறைக்குரிய பேச்சு இது. பள்ளிகளில் பல்லாண்டுக் காலப் பயிற்சியும் இதற்கெனவே நடைபெறுகிறது. மாநில, மாநகரக் கல்வி அலுவலகங்கள் இணைந்து கல்வி ஒலிபரப்பு நிறுவனமான ஈபிஎஸ் வழியாக நடத்தும் கேட்டல் திறன் சோதனையை மாணவர்கள் நடுநிலைப் பள்ளியிலிருந்தே எழுதிப் பழகுகின்றனர். ஆதலால் நன்கு படிக்கும் மாணவர்களிடையே கேட்டல் பகுதியில் முழு மதிப்பெண் பெறுவது எதிர்பார்க்கப்படும் ஒன்றாகிவிட்டது. இன்னும் வியப்பானது, பலர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இரு உரையாடல்களுக்கு இடைப்பட்ட நொடிகளில் வினாத்தாளைத் திருப்பி எளிய வாசித்தல் வினாக்களுக்கு விடை குறித்துவிடுகின்றனர். வானூர்திகள் வானில் காத்து நிற்கும் அந்த நேரத்தில், தேர்வரின் கண்கள் வாசித்தல் பகுதியில் இருக்கின்றன.

வாசித்தல் பகுதி

இதற்குக் காரணம் நேரக் கணக்கு. கேட்டல் பகுதிக்கு 37 மதிப்பெண்கள், வாசித்தலுக்கு 63 மதிப்பெண்கள். கேட்டல் முடிந்ததும் எஞ்சுவது 45 நிமிடங்கள், வினாக்கள் 28. ஒரு வினாவுக்குச் சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான நேரம் கிடைக்கும். அதற்குள் ஒரு பத்தியை வாசித்து, ஐந்து விடைகளையும் சீர்தூக்கி, விடைத்தாளில் குறித்தாக வேண்டும்.

தொடக்க வினாக்கள் எளியவை: ஒரு மடலின் நோக்கம், எழுதியவரின் மனநிலை மாற்றம், வரைபடத்தோடு பொருந்தாத கூற்று, ஓர் அறிவிப்பின் விவரங்கள் ஆகியன. இலக்கணத்துக்கு ஒன்று, சொல்லின் பொருத்தத்துக்கு ஒன்று என வினாக்கள் உண்டு. தரத்தைத் தீர்மானிப்பவை 31 முதல் 39 வரையிலான வினாக்களே. 31 முதல் 34 வரை வெற்றிட வினாக்கள். மெய்யியல், உளவியல், அறிவியல் வரலாறு, பொருளியல் போன்ற துறைகளில் எழுதப்பட்ட நூல்களிலிருந்து எடுத்துத் திருத்திய ஒரு பத்தியில், கருத்தின் மையமான தொடர் நீக்கப்பட்டிருக்கும். பத்தியின் வாதத்தை முழுதாகப் பின்தொடர்ந்தவரே அதனை நிரப்ப இயலும். அடுத்து, கலைந்த பகுதிகளை வரிசைப்படுத்துதல், தனித்து நிற்கும் தொடரை உரிய இடத்தில் செருகுதல் ஆகியவை வருகின்றன.

வெற்றிட வினாவின் கடினத்தில் பாதி மொழியினால் வருவது. மறுபாதி பொருளினால் வருவது. சுற்றுப்புறம் நீக்கப்பட்ட, 150 சொற்கள் அளவிலான ஒரு மெய்யியல் பத்தியைத் தாய்மொழியில் மொழிபெயர்த்துக் கொடுத்தாலும் பதினெட்டு வயதினர் பலர் தடுமாறுவர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் இவ்வினாக்களுக்கு விடையளிக்கத் திணறும் காணொளிகள் கொரியாவில் பெரிதும் பரவியமைக்கு இதுவே காரணம். அத்தகைய காணொளிகள் தேர்வு தவறானது என்பதற்குச் சான்றாகா. அளக்கப்படுவது ஆங்கிலம் மட்டுமன்று என்பதற்கே அவை சான்று.

மறைமுகப் பேச்சும் மறைமுக எழுத்தும்

பாடத்திட்டம் நான்கு திறன்களையும் கற்பிக்கச் சொல்கிறது; தேர்வோ இரண்டை மட்டும் அளக்கிறது. இந்த இடைவெளியை நிரப்ப ஒரு கலைச்சொல் கையாளப்படுகிறது. உரையாடலின் இறுதியில் மறுமொழியாக அமையத்தக்க தொடரைத் தேர்ந்தெடுக்கும் கேட்டல் வினாக்கள் மறைமுகப் பேச்சு என்றும், வரிசைப்படுத்துதல், செருகுதல், சுருக்கத்தை நிறைவு செய்தல் ஆகிய வாசித்தல் வினாக்கள் மறைமுக எழுத்து என்றும் வகைப்படுத்தப்படுகின்றன. ஐந்து இலட்சம் பேரின் பேச்சையும் எழுத்தையும் சில வாரங்களில், ஐயத்துக்கு இடமின்றி மதிப்பிடுவது மிகக் கடினம் என்பது உண்மை. ஆனால் எழுதப்பட்ட ஐந்து மறுமொழிகளில் ஒன்றைச் சுட்டுவது பேச்சு ஆகாது. பன்னிரண்டாம் வகுப்பு வகுப்பறைகளில் பேச்சுப் பயிற்சி ஏறக்குறைய மறைந்துபோனதன் பொறுப்பில் ஒரு பங்கு இந்த வகைப்பாட்டுக்கு உண்டு.

இதே விளைவு ஈபிஎஸ் நூல்கள் தொடர்பிலும் வெளிப்பட்டது. தனிப்பயிற்சிச் செலவைக் குறைக்கும் நோக்கில், ஈபிஎஸ் வெளியிடும் பயிற்சி நூல்களோடு 70 விழுக்காட்டு வினாக்களைத் தொடர்புபடுத்தும் கொள்கை 2010 இல் நடைமுறைக்கு வந்தது. நூலில் உள்ள பத்தியே தேர்வில் வரும் என்பதால், மாணவர்கள் அப்பத்திகளின் கொரிய மொழிபெயர்ப்பை மனனம் செய்யத் தொடங்கினர். முதல் வரியைக் கண்டதும் எந்தப் பத்தி என்று அறிந்து, ஆங்கிலத்தை வாசிக்காமலேயே விடை குறிப்பது இயன்றது. இதனால் 2021 நவம்பர் தேர்வு முதல் தொடர்பு 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு, ஆங்கிலத்தில் பத்தியை அப்படியே எடுப்பது முற்றிலும் நிறுத்தப்பட்டது.

2022 நவம்பர் தேர்வின் 23 ஆவது வினா வேறொரு சிக்கலைக் கிளப்பியது. காஸ் சன்ஸ்டீன் எழுதிய ஒரு நூலிலிருந்து எடுக்கப்பட்ட அதன் பத்தி, தேர்வுக்கு முன்னரே ஒரு தனியார் பயிற்சியாளரின் மாதிரி வினாத்தாளில் இடம்பெற்றிருந்தது. தொடர்ந்து நடந்த தணிக்கை ஆய்வில், பள்ளி ஆசிரியர்கள் சிலர் பயிற்சி நிலையங்களுக்கு வினாக்களை விற்று வந்தது 2024 இல் வெளியாயிற்று.

தரநிலையும் அதன் ஏற்ற இறக்கமும்

2017 க்கு முன்னர் ஆங்கிலத்துக்கும் ஒப்பீட்டுத் தரமே வழங்கப்பட்டது. முதல் 4 விழுக்காட்டினர் முதல் தரம் பெற்றனர். மாணவரிடையே போட்டியைத் தணிக்க, 2017 நவம்பர் தேர்வு முதல் தனித்தரம் கொண்டுவரப்பட்டது. அதன்படி 90 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெறும் எவரும் முதல் தரத்தினர். 80 முதல் இரண்டாம் தரம். இவ்வாறு ஒன்பது தரங்கள். கொரிய மொழிக்கும் கணிதத்துக்கும் ஒப்பீட்டு முறையே தொடர்கிறது.

பெயரளவில் இது நிலையான அளவுகோல். ஆனால் முதல் தரம் பெற்றோரின் விழுக்காடு 2017 இல் 10.03, 2018 இல் 5.30, 2020 இல் 12.66, 2023 இல் 4.71 என்று மேலும் கீழும் சென்றது. ஆண்டுக்கு ஆண்டு மாணவர்களின் ஆங்கிலம் இவ்வளவு மாறியிருக்க முடியாது. மாறியது வினாத்தாளின் கடினம். இதன் வேர் தேர்வின் கமுக்கத்தில் உள்ளது. வினா அமைப்போர் ஒரு மாதத்துக்கும் மேலாக வெளித்தொடர்பின்றி அடைத்து வைக்கப்படுகின்றனர். வினாக்கள் ஒவ்வோர் ஆண்டும் புதியவை, தேர்வன்றே வெளியிடப்படுபவை. ஆகவே அவற்றை முன்னதாக மாணவர் குழு ஒன்றிடம் கொடுத்துக் கடினத்தை அளந்துகொள்ள வழியில்லை. டோஃபல் போன்ற தேர்வுகளில் வெவ்வேறு தாள்களின் மதிப்பெண்கள் புள்ளியியல் முறையில் ஒரே அளவுக்குக் கொண்டுவரப்படுகின்றன. சுனுங் ஆங்கிலத்தில் அப்படியில்லை. பெற்ற மதிப்பெண்ணே இறுதி. 89 பெற்றவர் இரண்டாம் தரம்தான். மூன்று மதிப்பெண் வினாக்களில் நான்கைத் தவறவிட்டாலே முதல் தரம் நழுவிவிடும்.

2023 சூன் மாதத்தில் அன்றைய அதிபர் யூன் சுக்-யோல், பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்ட கொல்லும் வினாக்களை நீக்குமாறு பணித்தார். அவ்வாண்டில் முதல் தரம் பெற்றோர் 5 விழுக்காட்டுக்கும் குறைந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. பத்திகள் எளிதானாலும், தவறான விடைகள் சரியான விடைக்கு மிக நெருக்கமாக அமைக்கப்பட்டால் தாள் கடினமாகவே இருக்கும்.

இந்த நிலையின்மை 2025 இல் உச்சத்தை எட்டியது. அவ்வாண்டு சூன் மாதிரித் தேர்வில் ஏறத்தாழ 19 விழுக்காட்டினர் முதல் தரம் பெற்றனர். நவம்பர் மாதம் நடந்த உண்மையான தேர்வில் அது 3.11 விழுக்காடாகச் சரிந்தது. போட்டியைத் தணிக்கக் கொண்டுவந்த தனித்தரம், பழைய ஒப்பீட்டு முறையின் 4 விழுக்காட்டை விடவும் குறைவான பேருக்கே முதல் தரத்தை அளித்தது. இம்மானுவேல் காண்டின் சட்டச் சிந்தனை பற்றிய பத்தி உள்ளிட்ட சில வினாக்கள் கடும் கண்டனத்துக்கு உள்ளாயின. பல பல்கலைக்கழகங்கள் முன்சேர்க்கைக்குக் குறைந்தபட்சத் தரங்களை நிபந்தனையாக வைத்திருப்பதால், ஆங்கிலத்தை நம்பியிருந்த மாணவர்களுக்கு ஒரு தரம் குறைந்ததே இடம் இழக்கப் போதுமானதாயிற்று. 2025 திசம்பரில் மதிப்பீட்டுக் கழகத்தின் தலைவர் பொறுப்பேற்றுப் பதவி விலகினார்.

செவித்திறன் குறைந்த தேர்வர்கள்

கடுமையான செவித்திறன் குறைபாடு உடையவர்களுக்குக் கேட்டல் பகுதி எழுத்து வடிவில் வழங்கப்படுகிறது. அவர்கள் உரையாடல்களை வாசித்து அதே வினாக்களுக்கு விடை குறிக்கின்றனர். அவர்களைப் பொறுத்தவரை 45 வினாக்களும் வாசித்தல் வினாக்களே.