பெத்லகேமின் தண்ணீரும் மீஞ்சூரின் தண்ணீரும்

புதிய ஏற்பாட்டில் 'காரிஸ்' என்னும் கிரேக்கச் சொல் தகுதியற்றோர் பெறும் தயவைக் குறிக்கும், அத்தயவுக்குச் செலுத்தும் நன்றியையும் அதுவே குறிக்கும் (2 கொரி. 9:15). ஆயினும், தயவைப் பெறுகிறவன் எவ்விதத் தாழ்மையோடு பெறவேண்டும் என்பதை 2 சாமுவேல் 23:13-17 சிறப்பாக விளக்குகிறது.

வேதாகமத்தில் தயவு பெற்றுப் பணிவோர் பலர் எளியோரே. மோவாபிய விதவையாகிய ரூத் போவாசின்முன் முகங்குப்புற விழுந்தாள் (ரூத் 2:10). முடவனாகிய மேவிபோசேத் தாவீதின்முன் தன்னைச் செத்த நாய்க்கு ஒப்பிட்டான் (2 சாமு. 9:8). உரிமையற்றோர் பணிதல் இயல்பு. கட்டளையிடும் அதிகாரமுடையவன் பணிவது எங்ஙனம்?

பெத்லகேம் பெலிஸ்தர் வசமிருந்தது. அதுல்லாம் கெபியிலிருந்த தாவீது தன் ஊர்க் கிணற்றுநீரை விரும்பினான். கட்டளையிடவில்லை, ஆசையை வாய்விட்டுச் சொன்னான். மூவர் பகைவர் பாளயத்தினூடே துணிந்து சென்று நீர் மொண்டு வந்தனர். அவனோ அதைக் குடியாமல் கர்த்தருக்கென்று ஊற்றினான். இது அம்மூவரை அவமதித்தலாகுமோ? ஆகாது. அந்நீரை அவர்களுடைய இரத்தமாகவே அவன் எண்ணினான், இரத்தத்தை எவரும் உண்ணலாகாது என்பது நியாயப்பிரமாணம் (லேவி. 17). தன் ஆசைக்காகப் பிறர் செலுத்திய விலையை உணர்ந்ததே அவனது தாழ்மை. அவ்விலையைத் தேவசந்நிதியில் அறிக்கையிட்டதே அவனது நன்றி.

சென்னையில் ஊழியஞ்செய்யும் நமக்கு இப்பகுதி தொலைவானதன்று. 1960களின் இறுதி முதல் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களின் ஆழ்குழாய்க் கிணறுகள் மாநகருக்கு நீர் வழங்கின. அளவுக்கு மிஞ்சி நீர் இறைக்கப்படவே, நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்திற்கும் கீழாகத் தாழ்ந்தது. கடல்நீர் மீஞ்சூர்ப் பக்கமாகப் பல கிலோமீட்டர் உட்புகுந்து கிணறுகளை உவராக்கிற்று. 2010இல் அடுத்துள்ள காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் ஆக்கும் கடல்நீர் நிலையம் திறக்கப்பட்டது. அந்நீரும் மாநகருக்கே.

இவ்விரு நிகழ்ச்சிகளும் முற்றும் ஒத்தவையல்ல. அம்மூவர் தாமே விரும்பிச் சென்றனர். மீஞ்சூரின் நிலத்தடி நீரோ அரசுத் திட்டத்தின்படி எடுக்கப்பட்டது. ஆகவே நம் கடன் தாவீதின் கடனிலும் பெரிது. மனமுவந்து அளித்தவருக்கு நன்றி போதும். கேட்கப்படாமலே இழந்தவருக்கு நன்றியோடு நியாயமும் செய்தல் வேண்டும்.

தாவீதைப் பின்பற்றுதல் என்பது நீரைத் தரையில் ஊற்றுவதன்று. அது வீணாக்குதலேயாகும். நீரைச் சிக்கனமாய்ப் புழங்குதலும், உவர்நிலத்து உழவரின் குறையைச் சபையார் அறியச்செய்து அவர்களுக்காகப் பரிந்து பேசுதலும் இன்று நமக்கேற்ற பானபலியாகும். ஞானஸ்நானத் தொட்டி நிரம்பும்போது ஏறெடுக்கும் ஸ்தோத்திர ஜெபத்தில், அந்நீர் புறப்பட்ட ஊரின் பெயரையும் சொல்வோமாக. எளிய சபையார் தம் வீட்டில் நமக்குப் பரிமாறும் உணவையும் இவ்வாறே பெறுதல் தகும். போதகர் என்னும் உரிமையினால் அது வரவில்லை; அவ்வீட்டார் தம் பங்கைக் குறைத்ததனால் வந்தது.