சண்டையில் வெல்வது பாணியா, வீரரா?

தற்காப்புக் கலை கற்கும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கராத்தே கற்றவரும் குத்துச்சண்டை கற்றவரும் மோதினால் யார் வெல்வார்? இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. எந்தக் கலை உயர்ந்தது என்பது ஒன்று. எந்த மனிதர் வல்லவர் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஓரளவு பிரித்துப் பார்க்க உதவும் போட்டிகள் சில 20ஆம் நூற்றாண்டில் நடந்தன. ஜப்பானில் தோன்றிய ஜூடோவும், அதிலிருந்து பிரேசிலில் வளர்ந்த ஜியு-ஜிட்சுவும் தொடர்பான போட்டிகள் அவற்றுள் முக்கியமானவை. அவற்றின் வழியாக இக்கேள்வியை இக்கட்டுரை விளக்குகிறது.

பாணி, வீரர்: பொருள் விளக்கம்

பாணி என்பது ஒரு கலை எதைக் கற்பிக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதைக் குறிக்கும். குத்துச்சண்டை கைகளால் குத்துவதையும் குத்திலிருந்து விலகுவதையும் கற்பிக்கிறது. டேக்வாண்டோவில் உதைகளுக்கு முதலிடம். ஜூடோ எதிராளியைப் பிடித்து எறிவதையும், தரையில் அமுக்குவதையும், கையைப் பூட்டுவதையும், கழுத்தை நெரிப்பதையும் கற்பிக்கிறது. குத்துச்சண்டையில் தரைச் சண்டை இல்லை. ஜூடோப் போட்டியில் குத்து இல்லை. ஆகவே ஒவ்வொரு பாணிக்கும் ஒரு பலமும் ஓர் இடைவெளியும் உண்டு.

வீரரின் பங்கு என்பது எடை, உயரம், வேகம், மூச்சுத்திறன், அனுபவம், அடி வாங்கியபோதும் நிதானம் இழக்காத மனம் ஆகியவை. பாணியைச் சோதிக்க வேண்டுமானால் வீரர்கள் ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும். வீரரைச் சோதிக்க வேண்டுமானால் பாணி ஒன்றாக இருக்க வேண்டும். நடைமுறையில் இது எளிதாக அமைவதில்லை.

ஜூடோவிலிருந்து ஜியு-ஜிட்சுவுக்கு

ஜப்பானியக் கல்வியாளர் ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் கொடோகன் என்னும் பள்ளியை நிறுவி, பழைய ஜுஜுட்சுக் கலைகளிலிருந்து ஜூடோவை உருவாக்கினார். அவருடைய மாணவர் பரம்பரையில் வந்த மித்சுயோ மயேடா 1914இல் பிரேசில் சென்றார். அங்கு அவரிடம் கற்றவர்களுள் கார்லோஸ் கிரேசியும் ஒருவர். கார்லோசும் அவருடைய தம்பி ஹெலியோவும் தரைச் சண்டைக்கு முதன்மை தந்து இக்கலையை வளர்த்தனர். இதுவே இன்று பிரேசிலிய ஜியு-ஜிட்சு எனப்படுகிறது.

1951இல் ஜப்பானின் புகழ்பெற்ற ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் ஹெலியோவுடன் மோதினார். இருவரின் கலைக்கும் வேர் ஒன்றே. ஆனால் கிமுரா எடையிலும் வலிமையிலும் பெரியவர். அவர் ஹெலியோவின் கையைப் பின்புறமாக மடக்கிப் பூட்டினார். கை முறிந்தும் ஹெலியோ தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் தரப்பினரே துண்டை எறிந்து போட்டியை முடித்தனர். தங்களைத் தோற்கடித்த அந்தப் பூட்டுக்குக் கிரேசி குடும்பத்தினர் 'கிமுரா' என்றே பெயரிட்டுத் தங்கள் பாடத்தில் சேர்த்துக்கொண்டனர். ஒரு வீரரின் தனித்திறமை இவ்வாறு பாணியின் பகுதியாக மாறியது.

1993: பாணி வென்ற நாள்

பாணியே முக்கியம் என்போர் தவறாமல் காட்டும் சான்று, 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதல் அல்டிமேட் ஃபைட்டிங் சாம்பியன்ஷிப் போட்டி. வெவ்வேறு கலைகளைச் சேர்ந்த எட்டுப் பேர் ஒரே இரவில் மோதினர. எடைப் பிரிவு இல்லை. மதிப்பெண் போடும் நடுவர்களும் இல்லை. கடிப்பதும் கண்ணைக் குத்துவதும் தடை செய்யப்பட்டிருந்தன.

வென்றவர் ஹெலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி. எடை ஏறத்தாழ 80 கிலோ. குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிம்மர்சன், ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள கென் ஷாம்ராக், உதைச் சண்டையில் தேர்ந்த ஜெரார்ட் கோர்டோ ஆகிய மூவரையும் வென்றார். மூன்று சண்டைகளும் சேர்ந்து ஏறத்தாழ 5 நிமிடமே. குடும்பத்தில் மிக வல்லவராகக் கருதப்பட்டவர் மூத்த சகோதரர் ரிக்சன். இருந்தும் ஒல்லியான ராய்ஸ் களமிறக்கப்பட்டார். அவர் வென்றால் பெருமை உடல் வலிமைக்குப் போகாமல் கலைக்குச் சேரும் என்பது கணக்கு. கணக்கு பலித்தது.

ஆனால் இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. ஒன்று, இப்போட்டியைத் தொடங்கியவர்களுள் ராய்சின் அண்ணன் ரோரியனும் ஒருவர். இரண்டு, எதிராளிகளுள் பலருக்குத் தரையில் விழுந்தபின் என்ன செய்வதென்று தெரியாது. ஜிம்மர்சன் ஒரு கையில் மட்டும் குத்துச்சண்டை உறை அணிந்து வந்தார். கீழே விழுந்து ராய்சின் பிடிக்குள் அகப்பட்டதும் தோல்வியை ஒப்புக்கொண்டார். அவர் குத்துச்சண்டையில் குறைந்தவர் அல்லர். அவர் கற்ற பாணியில் அந்தப் பாடமே இல்லை.

ரகசியம் பரவிய பின்

ராய்ஸ் 1994இல் மேலும் இரு முறை அப்போட்டியில் வாகை சூடினார். அதன்பின் உலகெங்கும் வீரர்கள் தரைச் சண்டையைக் கற்கத் தொடங்கினர். விளைவு சில ஆண்டுகளில் தெரிந்தது.

ஜப்பானிய மற்போர் வீரர் கசுஷி சகுராபா 1999இல் ராய்லர் கிரேசியையும், 2000ஆம் ஆண்டில் ராய்ஸ், ரென்சோ, ரயன் ஆகிய மூவரையும் வென்றார். 2000 மே 1 அன்று டோக்கியோவில் ராய்சுடன் நடந்த போட்டி 15 நிமிடச் சுற்றுகளாக ஆறு சுற்றுகள், அதாவது 90 நிமிடம் நீடித்தது. நேர வரம்பு கூடாது என்று கேட்டுக்கொண்டதே கிரேசி தரப்புத்தான். முடிவில் அவர்களே துண்டை எறிய நேர்ந்தது. ராய்லரையும் ரென்சோவையும் சகுராபா மடக்கியது கிமுரா பூட்டினால்தான். 2006இல் அமெரிக்க மற்போர் வீரர் மாட் ஹியூஸ் முதல் சுற்றிலேயே ராய்சை வென்றார். அவர் ஜியு-ஜிட்சுப் பிடிகளையும் கற்றிருந்தார்.

இதிலிருந்து ஒரு விதியைப் பெறலாம். எதிராளிக்குத் தெரியாதவரை பாணி பெரும் ஆயுதம். இருவருக்கும் தெரிந்துவிட்டால் வேறுபாடு வீரரிடம்தான் மிஞ்சுகிறது. இன்றைய கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளில் குத்து, உதை, மற்போர், தரைச் சண்டை ஆகிய அனைத்தையும் எல்லோரும் கற்கின்றனர். எனவே 'கராத்தே வீரர் எதிர் மற்போர் வீரர்' என்ற பேச்சு அங்கு பெரிதும் குறைந்துவிட்டது.

எடையும் விதிகளும்

பாணியை மிஞ்சும் காரணிகளுள் உடல் அளவு முக்கியமானது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. எடை வரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில், ஆறரை அடி உயரமுள்ள நெதர்லாந்து வீரர் அன்டன் கீசிங்க், ஜப்பானின் அகியோ கமினாகாவை வென்றார். கலை பிறந்த மண்ணிலேயே, அதே கலையில் வெளிநாட்டவர் ஒருவர் வென்றார். உயரம் மட்டுமே காரணம் எனக் கூற முடியாது. கீசிங்க் பல ஆண்டுகள் கடுமையாகப் பயின்ற நுட்பமான வீரர். எனினும் சமமான நுட்பம் உள்ள இருவருள் பெரியவருக்கு வாய்ப்பு அதிகம். இன்று ஜூடோ, குத்துச்சண்டை, மற்போர் எல்லாவற்றிலும் எடைப் பிரிவு இருப்பது இதனால்தான்.

விதிகளும் முடிவை மாற்றும். 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவில் குத்துச்சண்டை வீரர் முகமது அலியும் மற்போர் வீரர் அன்டோனியோ இனோகியும் மோதினர். இனோகி பெரும்பாலான நேரம் தரையில் கிடந்தபடி அலியின் கால்களை உதைத்தார். 15 சுற்றுகளும் முடிந்து போட்டி சமநிலை ஆனது. எந்தக் கலை உயர்ந்தது என்பதற்கு விடை கிடைக்கவில்லை.

இரண்டுக்கும் நடுவில்: பயிற்சி முறை

பாணி, வீரர் என்ற இரண்டையும் இணைப்பது பயிற்சி முறை. கானோவின் பெரும்பங்களிப்பு இதில்தான் உள்ளது. அவர் ஆபத்தான அடிகளையும் பிடிகளையும் 'கதா' எனப்படும் வரிசைப் பயிற்சியில் வைத்துவிட்டு, மற்றவற்றை 'ரந்தோரி' எனப்படும் கட்டற்ற பயிற்சிக்கு விட்டார். ரந்தோரியில் எதிரில் இருப்பவர் ஒத்துழைக்க மாட்டார். அவரும் வெல்லவே முயல்வார். ஆபத்தானவை நீக்கப்பட்டதால் முழு வலிமையோடு நாள்தோறும் பயில முடிந்தது.

கொடிய அடிகளை அறிந்தும் ஒருமுறைகூட எதிர்ப்பவர்மீது பயின்றிராதவரைவிட, எளிய எறிதலை ஆயிரம் முறை எதிர்ப்பவர்மீது செய்து பார்த்தவரே நெருக்கடியில் அதைச் செய்ய வல்லவர். குத்துச்சண்டை, மற்போர், ஜூடோ, ஜியு-ஜிட்சு, முவாய் தாய் ஆகியவை கலப்புப் போட்டிகளில் நிலைத்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். நீச்சலைக் கரையில் நின்று கற்க முடியாது என்பது போன்றதே இது.

கற்பவர்களுக்கு

வண்ணப் பட்டை வாங்கிய சிறுவர்கள், தெருவில் யாரையும் வெல்லலாம் என்று நம்பிவிடுவதுண்டு. அந்த நம்பிக்கை ஆபத்தானது. கத்தியோ, பலர் கூடிய கூட்டமோ எதிரில் இருந்தால் எந்தப் பாணியும் காப்பாற்றும் என்று உறுதி கூற முடியாது. விலகி ஓடுவதும் உதவிக்குக் குரல் கொடுப்பதுமே அங்கு முதல் பாடம்.

பயிற்சிக் கூடத்தைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், கலையின் பெயரைக் கேட்பதோடு நிற்காமல் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மாணவர்கள் காற்றில் மட்டும் குத்துகிறார்களா, எதிர்ப்பவரோடும் பயில்கிறார்களா? அப்போது பாதுகாப்புக் கவசமும் ஆசிரியரின் கண்காணிப்பும் உள்ளனவா? இளையவரைப் பெரியவரோடு மோதவிடாமல் எடை பார்த்து இணை சேர்க்கிறார்களா? சிலம்பத்திலும் தனித்திறமைப் போட்டியும் தொடுமுறைப் போட்டியும் தனித்தனியாக உள்ளன. முன்னது அழகையும் கட்டுப்பாட்டையும் காட்டும். பின்னதுதான் எதிராளியை எதிர்கொள்ளப் பழக்கும். இரண்டுக்கும் மதிப்பு உண்டு. ஒன்றை மற்றொன்றாக எண்ணிக்கொள்வதில்தான் ஏமாற்றம் வருகிறது.