தொட்டியில் வளரும் ஆமைக் குஞ்சு: சந்தேகங்களும் விளக்கங்களும்

வண்ண மீன் கடைகளில் பச்சை ஓடும், கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டையும் கொண்ட ஆமைக் குஞ்சுகள் விற்கப்படுகின்றன. வாஸ்துவுக்கு நல்லது என்றும், பிள்ளைகள் கேட்டார்கள் என்றும் வாங்கிச் செல்லப்படும் இவற்றில் பல, வெளிச்சமும் வெப்பமும் போதாமல் சில மாதங்களிலேயே இறந்துவிடுகின்றன. இவற்றை வளர்ப்பது குறித்து எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள்:

இது எந்த வகை ஆமை? எவ்வளவு பெரிதாகும்?

கடைகளில் அதிகம் விற்பது சிவப்புக் காது ஆமை. இதன் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. வாங்கும்போது 3 செ.மீ. அளவில் இருக்கும் குஞ்சு, ஆணாக இருந்தால் 15 முதல் 20 செ.மீ. வரையும், பெண்ணாக இருந்தால் 25 முதல் 30 செ.மீ. வரையும் வளரும். முறையாகப் பராமரித்தால் 20 முதல் 30 ஆண்டுகள் வாழும். 'இதற்கு மேல் வளராத குள்ள ஆமை' என்று விற்கப்படுவதும் பெரும்பாலும் இதே வகையின் குஞ்சுதான்.

வீட்டில் ஆமை வளர்ப்பது சட்டப்படி குற்றமா?

நட்சத்திர ஆமை, பாலாமை போன்ற உள்நாட்டு ஆமைகளை வளர்ப்பது வன உயிரின பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி குற்றம். இவை முதல் அட்டவணையில் இருப்பதால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும், குறைந்தது ரூ.25,000 அபராதமும் விதிக்கலாம். சிவப்புக் காது ஆமை வெளிநாட்டு இனம் என்றாலும், விற்பனைக்கு வரும் குஞ்சுகளில் கடத்தல் சரக்கும் கலந்திருக்க வாய்ப்புண்டு. 2023 ஆகஸ்டில் திருச்சி விமான நிலையத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட குஞ்சுகள் பிடிபட்டன. எனவே ரசீது இல்லாமல் வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு.

கடையில் தரும் சிறிய கிண்ணம் போதாதா?

போதாது. நடுவே பிளாஸ்டிக் தென்னைமரம் நட்ட அந்தக் கிண்ணத்தில் குஞ்சு நீந்தவும் முடியாது, தண்ணீர் ஒரே நாளில் அழுக்காகிவிடும். ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு செ.மீ.க்கும் சுமார் 15 லிட்டர் என்பது பொதுவான கணக்கு. அதன்படி 5 செ.மீ. குஞ்சுக்கு 75 லிட்டரும், 25 செ.மீ. பெண் ஆமைக்கு 375 லிட்டரும் கொள்ளும் தொட்டி தேவை. உடல் முழுவதும் உலரும்படி ஏறி அமர ஒரு மேடும் அதில் இருக்க வேண்டும்.

தனி விளக்கு எதற்கு? சன்னல் வழியாக வெயில் வருகிறதே?

ஆமையின் உடலில் வைட்டமின் டி3 உருவாக யுவிபி எனப்படும் புற ஊதாக் கதிர் தேவை; இந்தக் கதிரைச் சன்னல் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும். இது கிடைக்காவிட்டால் உணவில் உள்ள கால்சியம் உடலில் சேராது. ஓடு விரலால் அழுத்தினால் அமுங்கும் அளவுக்கு மென்மையாகும். யுவிபி விளக்கை மேட்டுக்கு மேலே கண்ணாடி மூடி குறுக்கிடாமல் பொருத்தி, நாளொன்றுக்கு 10 முதல் 12 மணி நேரம் எரியவிட வேண்டும். வெளிச்சம் குறையாமல் எரிந்தாலும் கதிரின் வீரியம் குறைந்துவிடும் என்பதால், தயாரிப்பைப் பொறுத்து 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை விளக்கை மாற்ற வேண்டும்.

அப்படியானால் தொட்டியையே மொட்டைமாடி வெயிலில் வைக்கலாமா?

கூடாது. கண்ணாடித் தொட்டி வெயிலில் விரைவில் சூடாகி, ஆமை உயிரிழக்க நேரிடும். காலை வெயிலில், பாதி நிழல் விழும் அகன்ற டப்பில் 15 முதல் 20 நிமிடம் ஆள் கண்காணிப்பில் விடலாம். காகமும் பூனையும் இருப்பதை மறக்கக் கூடாது.

நம் ஊரில் ஹீட்டர் தேவையா?

குஞ்சுகளுக்குத் தண்ணீர் 26 முதல் 28 டிகிரி செல்சியஸிலும், மேடு 32 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும். சென்னை, மதுரை போன்ற ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீருக்கு ஹீட்டர் தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானலிலும், ஏ.சி. ஓடும் அறையிலும் தேவைப்படும்.

என்ன உணவு, எவ்வளவு தர வேண்டும்?

குஞ்சுகளுக்குத் தினமும் ஒருமுறை, 10 முதல் 15 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். ஆமைக்கான குருணைத் தீவனம் முதன்மை உணவு. இடையிடையே மண்புழு, சிறு மீன், முருங்கைக்கீரை தரலாம். கடைகளில் கொடுக்கும் காய்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்த்தால் சத்துக் குறைபாடு வரும். பால், ரொட்டி, சோறு ஆகாது. நாட்டு மருந்துக் கடைகளில் 'கடல் நுரை' என்ற பெயரில் கிடைக்கும் கணவாய் ஓட்டைத் தொட்டியில் போட்டால், கால்சியத்துக்காகக் கொறித்துக்கொள்ளும்.

தண்ணீரை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது?

வடிகட்டி உள்ள தொட்டியில் வாரம் ஒருமுறை கால் பங்கு முதல் பாதி வரை மாற்றினால் போதும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை வாளியில் 24 மணி நேரம் திறந்துவைத்த பிறகு ஊற்றலாம்.

நோயை எப்படிக் கண்டறிவது?

கண் வீங்கி மூடிக்கொண்டால் வைட்டமின் ஏ குறைபாடோ, தண்ணீர் அசுத்தமோ காரணமாக இருக்கலாம். ஒரு பக்கம் சாய்ந்து மிதப்பது, மூக்கில் குமிழி வருவது, வாயைத் திறந்து மூச்சுவிடுவது ஆகியவை நிமோனியாவின் அறிகுறிகள். இவற்றில் எதைக் கண்டாலும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடையில் தரும் சொட்டு மருந்தை நம்பி நாள் கடத்தக் கூடாது.

குழந்தைகள் தொடலாமா?

ஆரோக்கியமாகத் தெரியும் ஆமையிடமும் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கலாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஏற்படுத்தும். இதனால் அமெரிக்காவில் ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளைச் செல்லப் பிராணியாக விற்க 1975 முதல் தடை உள்ளது. 5 வயதுக்குட்பட்டோர், 65 வயதைக் கடந்தோர், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தோர் உள்ள வீடுகளில் ஆமையைத் தவிர்ப்பது நல்லது. தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும்; தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டக் கூடாது.

வளர்க்க முடியாவிட்டால் கோயில் குளத்தில் விட்டுவிடலாமா?

விடக் கூடாது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்களின் பட்டியலில் சிவப்புக் காது ஆமையும் ஒன்று. உள்ளூர் ஆமைகளின் உணவையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கேரளத்தின் திருச்சூர் பகுதி நீர்நிலையில் 2018-ல் இது கண்டறியப்பட்டது. வளர்க்க இயலாதவர்கள் விற்ற கடையிலோ, வளர்க்க முன்வரும் மற்றொருவரிடமோ ஒப்படைக்கலாம். இரண்டும் முடியாதபோது உள்ளூர் வனத்துறை அலுவலகத்தை அணுக வேண்டும்.