ஆபீஸ் பார்ட்டியில் எந்தப் பாட்டைப் போடுவது?

ஆண்டு இறுதிப் பார்ட்டிக்குப் பாட்டு போடும் பொறுப்பு பெரும்பாலும் ஆபீசில் கடைசியாகச் சேர்ந்த பையன் தலையில்தான் விழும். அவன் அனிருத்தில் ஆரம்பித்து அனிருத்திலேயே முடிப்பான். ஐம்பதைத் தாண்டியவர்கள் பிரியாணித் தட்டோடு ஓரம் கட்டிவிடுவார்கள். இதற்கு ரசனைக் கோளாறு காரணமில்லை. நினைவு வேலை செய்யும் விதம் அப்படி.

மோரிஸ் ஹோல்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இரு அமெரிக்கர்கள் 1989-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 16 முதல் 86 வயது வரையுள்ள 108 பேருக்கு, 1932-இலிருந்து 1986 வரை பிரபலமான 28 பாட்டுகளின் துணுக்குகளைப் போட்டு, எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். தங்களுக்குச் சுமார் 24 வயதிருந்தபோது ஓடிய பாட்டுகளுக்குத்தான் விருப்பம் உச்சத்தில் இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் அந்த வயதைப் பதின்பருவம் வரை இறக்கிவிட்டன. முதல் காதல், முதல் வேலை, ஊரைவிட்டுக் கிளம்பியது எல்லாம் நடக்கும் வயது அது. அப்போது திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு அந்த நினைவுகளோடு ஒட்டிக்கொள்கிறது.

அப்படியானால் ஆளுக்கொரு பத்தாண்டைப் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டியதுதானா? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரல் கிரம்ஹான்சலும், ஜஸ்டின் ஸுப்னிக் என்பவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இருபது வயதை ஒட்டியவர்களுக்கு 1955-க்குப் பிந்தைய ஹிட் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். தங்கள் காலத்துப் பாட்டு பிடித்ததில் வியப்பில்லை. ஆனால் அவர்கள் பிறப்பதற்கு முன்பே வந்த எண்பதுகளின் பாட்டுகளிலும் விருப்பம் மேடு கட்டி நின்றது. அது பெற்றோரின் இளமைக்காலம். அறுபதுகளில் இன்னொரு மேடு. வீட்டில் பெரியவர்கள் கேட்டது பிள்ளைகளின் நினைவிலும் இறங்கியிருக்கிறது.

நம் ஊருக்குப் பொருத்திப் பார்த்தால், எண்பதுகளின் இளையராஜாதான் எல்லோருக்கும் பொதுவான இடம் என்பேன். 55 வயது மேலாளருக்கு அது கல்லூரிக்காலம். 25 வயதுப் பெண்ணுக்கு அப்பாவின் கார். பார்ட்டியை அங்கே தொடங்கி, ரஹ்மான் வழியாக இன்றைக்கு வரலாம். தலைகீழாகப் போனால் பாதிப் பேர் முதல் பாட்டிலேயே கழன்றுகொள்வார்கள்.

ஆட வைப்பது வேறு கணக்கு. தாளம் ரொம்ப நேராக இருந்தாலும் கால் அசையாது, ரொம்பச் சிக்கலானாலும் அசையாது. எதிர்பார்த்த இடத்தில் அடி விழாமல் கொஞ்சம் தள்ளி விழ வேண்டும். தாழ்ந்த ஒலிக்கும் இதில் பங்குண்டு. 2022-இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு கச்சேரி நடக்கும்போதே, காதுக்கு எட்டாத மிகத் தாழ்ந்த ஒலியைத் தரும் ஸ்பீக்கர்களை இடையிடையே போட்டு நிறுத்தினார்கள். அவை ஓடியபோது கூட்டத்தின் ஆட்டம் சுமார் 12 சதவீதம் கூடியது. ஆடிய யாருக்கும் காரணம் தெரியவில்லை.

அதற்காகச் சத்தத்தைக் கண்டபடி ஏற்றிவிடக் கூடாது. வயதாக ஆக முதலில் மங்குவது உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் திறன். 'ச' போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய அது தேவை. இரைச்சலில் பேச்சு பிடிபடாமல்தான் பலர் சீக்கிரம் விடைபெறுகிறார்கள். ஸ்பீக்கரைச் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள்.