கொண்டைக்கடலை வாடல் நோய்: பெயர் ஒன்று, இனங்கள் எட்டு

பொட்டுக்கடலை, கடலைப்பருப்பு, கடலைமாவு என்று நம் கடைகளில் பல உருவில் விலை போவது ஒரே கொண்டைக்கடலைதான். நம் மாநிலத்தில் கோவை வட்டாரத்தில் கொஞ்சம் விளைகிறது. மற்றபடி மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் பக்கத்து வரத்தை நம்பித்தான் மண்டிகளில் வியாபாரம். அங்கே விளைச்சல் குறைந்தால் மழையைத்தான் பலரும் குறை சொல்வார்கள். மண்ணிலிருக்கும் ஒரு பூஞ்சைக்கும் அதில் பங்குண்டு.

பியூசேரியம் எனப்படும் இப்பூஞ்சை வேர் வழியே ஏறி, செடிக்கு நீர் போகும் பாதையை அடைத்துவிடும். பச்சையாக நிற்கும் செடி சில நாளில் தலை தொங்கிக் காயும். தண்டைப் பிளந்தால் உள்ளே கருமை தெரியும். சாதாரணமாக 10 முதல் 15 சதவீதம் வரை சேதம் சொல்கிறார்கள். பருவம் அதற்கு வாய்த்துவிட்டால் வயலே போய்விடும்.

சரி, நோய் தாங்கும் ரகத்தை விதைத்தால் தீர்ந்ததே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ஐதராபாத் அருகே படான்சேருவிலுள்ள இக்ரிசாட் நிலையத்தின் ஹவாரே, நெனே ஆகிய விஞ்ஞானிகள், பல கடலை ரகங்களில் இப்பூஞ்சையைச் செலுத்தி, எது சாகிறது, எது நிற்கிறது என்று பார்த்தனர். இந்தியாவில் மட்டும் நான்கு இனங்கள் இருப்பதை 1982-ல் அறிவித்தனர். மத்தியதரைக்கடல் நாடுகளிலும் கலிபோர்னியாவிலும் கண்டவற்றைச் சேர்த்தால் எட்டு. சில இனங்கள் செடியை மெல்ல மஞ்சளாக்கும். சில விரைவில் சாய்த்துவிடும். ஓர் இனத்தைத் தாங்கிய ரகம் இன்னொன்றிடம் தோற்கும். பின்னர் மரபணுச் சோதனை செய்ததில், ஒரே மாநிலத்தில் எடுத்த பூஞ்சைகள்கூட ஒரே வகையாக இல்லை என்று தெரிந்தது. ஆகவே 'வாடல் தாங்கும் ரகம்' என்று யாராவது சொன்னால், எந்த ஊர் மண்ணில் என்று கேட்பதே முறை. 1999-ல் வந்த ஜே.ஜி. 11 ரகம் ஆந்திரத்தில் நன்றாக நிலைத்தது. அதற்காக எல்லா மண்ணுக்கும் அதுவே என்று சொல்லிவிட முடியாது.

நமக்கென்ன என்று இருந்துவிட முடியவில்லை. ஐப்பசி விதைப்புக்கு நம் கடை மூட்டையிலிருந்தே கடலை வாங்கிப் போகும் விவசாயிகள் உண்டு. இப்பூஞ்சை விதைக்குள்ளேயே தங்கி வரும். வெளியே அடையாளம் தெரியாது. ஒருமுறை மண்ணில் இறங்கினால், கடலையே போடாவிட்டாலும் ஆறு வருடம் உயிரோடிருக்கும். வட மாநிலத்து இனம் ஒன்றை நம்மூர் வயலுக்கு நாமே நிறுத்துக் கொடுத்ததாக ஆகலாம். விதைக்கென்று கேட்பவரைச் சான்று பெற்ற விதை விற்கும் இடத்துக்கு அனுப்புங்கள். இரண்டு கிலோ வியாபாரம் போனால் போகட்டும்.

கொள்முதலில் ஒன்று கவனிக்கலாம். பிந்தி வாடிய செடியின் கடலை எடை குறைந்து, தோல் சொரசொரத்து, மங்கலாக இருக்கும். சாம்பிளில் இப்படிப் பருப்பு அதிகமிருந்தால் விலையை அதற்கேற்பப் பேசலாம். இது செடியின் நோய். கிடங்கில் மூட்டைக்கு மூட்டை பரவும் பூசணம் அன்று.

விதைக் கடையும் நடத்துவோருக்கு ஒரு வார்த்தை: பூஞ்சைமருந்து தடவிய விதை மீந்து போனால், கழுவியோ காயவைத்தோ உணவுக் கடலையோடு கலக்கவே கூடாது. அதைத் தனி அறையில் வைப்பது நல்லது.